அன்ரன் சொன்ன யப்பான் படங்கள்

விளக்குகள் அணைந்ததும் அன்ரன் தலையைச் சாய்த்து இடது காதை என் பக்கம் கொண்டுவந்தார். ஊன்றுகோல் அவருடைய முழங்கால்களுக்கு நடுவில் இருந்தது. தேம்ஸ் கரையோரம் உள்ள அந்தத் திரையரங்கில் ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. பாதி இருக்கைகள் காலி. திரையில் மழை பெய்தது. ஒரு கோட்டை வாசலில் ஓர் அதிகாரி நின்று இன்னொருவனிடம் ஏதோ சொன்னான். படத்தின் அடியில் ஆங்கில வரி வந்தது. நான் குனிந்து அன்ரனின் காதில் சொன்னேன்.

“விடியிறதுக்கு முதல் முடிச்சிட வேணுமாம்.”

அவர் தலையாட்டினார்.

அன்ரன் என் கணவர். நான் எழுதும் இந்தத் தொடரில் அவர் ஏற்கெனவே பலமுறை வந்துபோயிருக்கிறார். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு புடவைக் கடையில் என்னை அடையாளம் கண்ட வாசகி ஒருவர், “அக்கா, அவர் இப்ப சுகமாயிருக்கிறாரோ?” என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மையான பதில் கடைக்குள் நின்று சொல்லக்கூடியதாக இருக்கவில்லை.

இரண்டு மாரிகளுக்கு முன் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை சோர்ந்தது. கால் ஓரளவு திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கும். அவர் சொல்ல நினைப்பது வாய்வரை வந்து நின்றுவிடும். எழுத்துகளும் கலைந்துபோயின, தமிழும் வாசிக்க ஏலாது, ஆங்கிலமும் ஏலாது. மிஞ்சியது, ‘ஆம்’ என்பதற்கு நாங்கள் சொல்லும் ‘ஓம்’ என்ற ஒரு சொல். பூசையில் செபம் சொல்லும்போது மட்டும் மற்றவர்களோடு சேர்ந்து வாய் தானாக ஓடும். செபம் முடிந்ததும் மறுபடி மௌனம்.

அந்த மனிதரின் காதில்தான் நான் யப்பான் படத்துக்குத் தமிழ் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் காது என்னுடையதாகவும் வாய் அவருடையதாகவும் இருந்தது.

மழைக்கு ஒதுங்கிய இடம்

நான் மன்னாரிலிருந்து லண்டன் ஹவுன்ஸ்லோவுக்கு மணப்பெண்ணாக வந்தது ஒரு குளிர்காலம். கடைப் பலகைகளை வாசிக்கும் அளவுக்கு ஆங்கிலம் தெரியும். யாராவது நின்று நிதானமாகப் பேசினால் பிடித்துக்கொள்வேன். ஆனால் இங்கே யாரும் நின்று பேசுவதில்லை.

கலியாணமான முதல் மாதமே அன்ரன் என்னை வட லண்டனில் ஒரு பழைய திரையரங்குக்குக் கூட்டிப்போனார். இப்போது அது இல்லை. கிழிந்த சிவப்பு இருக்கைகள், ஈரக் கோட்டுகளின் வாசம், ஆறிப்போன கோப்பி. ஒரு டிக்கெற்றுக்கு இரண்டு படங்கள் காட்டுவார்கள். கலியாணத்துக்கு முன், பெற்றோல் நிலையத்தில் வேலை தொடங்கிய நாட்களில், அவர் ஓய்வு நாளொன்றில் மழைக்கு ஒதுங்கி உள்ளே போயிருக்கிறார். என்ன படம் என்றுகூடப் பார்க்கவில்லையாம். உள்ளே சூடு இருந்தது, அது போதும்.

“வாள்வெட்டுப் படமெண்டு நினைச்சுத்தான் இருந்தன்,” என்று அவர் எனக்குச் சொன்னார். “ஒருத்தன் வாசலில நிக்கிறான். மழை. உள்ளுக்க கூப்பிடுவினம் எண்டு நிக்கிறான். கூப்பிடுறாங்கள் இல்லை. எங்கட ஆக்கள் ஆமிச் சென்றியில மறிபட்டு நிண்ட மாதிரியே நிண்டவன்.”

அந்தப் படத்தை எடுத்தவர் பெயர் மினாசே. அன்றிலிருந்து மினாசேயின் படம் லண்டனில் எங்கே ஓடினாலும் அன்ரன் போனார். பிறகு நானும் போனேன்.

எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. படத்தின் அடியில் வரும் ஆங்கில வரியை நான் பாதி வாசிப்பதற்குள் அது மறைந்துவிடும். அடுத்த வரி வந்துவிடும். முதல் நாள் பத்து நிமிடத்தில் வாசிப்பதை விட்டுவிட்டு முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்ரன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் காதில் சொல்லத் தொடங்கினார்.

மன்னார்த் தமிழில் சொன்னார். சிற்றரசர்கள் எங்கள் ஊர் விதானையாரைப் போல அதட்டினார்கள். சாமுராய்களின் மனைவிமார் கணவரை ‘இஞ்சேருங்கோ’ என்று கூப்பிட்டார்கள். முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பி உதட்டில் விரலை வைத்தார். அடுத்த முறை நாங்கள் கடைசி வரிசைக்குப் போனோம். பின்னால் சுவருக்கு அப்பால் படக்கருவி ஓடும் இரைச்சலில் அன்ரனின் முணுமுணுப்பு யாருக்கும் கேட்கவில்லை, எனக்கு மட்டும் கேட்டது.

அவருடைய கம்பளிச் சட்டையில் எப்போதும் பெற்றோல் மணம் இருக்கும். எவ்வளவு கழுவினாலும் போகாது. இன்றைக்கும் பெற்றோல் நிலையத்தைக் கடக்கும்போது எனக்கு மழையும் வாளும் நினைவுக்கு வரும். மகள் மெலனிக்கு இதைச் சொன்னால் சிரிப்பாள்.

உப்புக் கொட்டில்

மினாசேயைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அன்ரன் சொன்னதுதான். திரையரங்கில் கொடுக்கும் தாள்களை அவர் மடித்துக் கோட்டுப் பையில் வைத்திருந்து ரயிலில் எனக்கு வாசித்துச் சொல்வார்.

தச்சு வேலை செய்த ஒருவரின் மகன் மினாசே. இளம் வயதில் போருக்குப் பிடித்துப்போனார்கள். ஏதோ ஒரு தீவில் அவருடைய படையில் குண்டுபட்டுச் செத்தவர்களைவிடப் பசியில் செத்தவர்கள் அதிகம். உயிரோடு திரும்பி வந்தவர் ஒரு பெரிய படநிறுவனத்தில் படக்கருவியைத் தாங்கும் முக்காலியைச் சுமக்கும் வேலையில் சேர்ந்தார். பிறகு உதவி இயக்குநர். முதலில் அவருக்குக் கொடுத்தவை சிரிப்புப் படங்கள். எல்லாம் ஒழுங்காக ஓடின. அதனால் நிறுவனம் அவரை நம்பி ஒரு வாள் படம் கொடுத்தது.

அவர் எடுத்துக் கொடுத்தது உப்புக் கொட்டில் படம். பஞ்ச காலத்தில் ஒரு சாமுராய் உப்பு அடுக்கியிருக்கும் கொட்டிலுக்குக் காவல் நிற்கிறான். ஊர்ச்சனங்கள் வருகிறார்கள். வெட்டு என்று உத்தரவு. அவன் வெட்டுகிறான். அவன் கெட்டவன் அல்லன், வீரனும் அல்லன். உத்தரவு வந்தது, வெட்டினான். வெட்டு முடிவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. அதற்குப் பிறகு ஒரு பெண் நிலத்தைக் கழுவுகிறாள். அதை மினாசே கடைசிவரை காட்டினார். தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் மட்டும்.

அவருடைய படங்களில் இருட்டு அதிகம். ஒரு முகத்தின் பாதிக்குத்தான் வெளிச்சம் விழும். யாரும் கைதட்டுவதற்கு ஓர் இடமும் வைக்க மாட்டார். எசமானின் மானம், குலத்தின் பெயர் என்று சொல்லி ஆட்கள் செத்துக்கொண்டேயிருப்பார்கள். அந்த எசமான் உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருப்பான்.

கொஞ்ச வருடங்களில் சனம் குறைந்தது. முடிவுகளை மாற்றச் சொல்லி நிறுவனம் கேட்டது. கொஞ்சம் வெளிச்சம் போடுங்கள் என்றார்களாம். அவர் மாட்டேன் என்றார். அத்தோடு அவருக்கு வேலை இல்லாமல் போனது. தொலைக்காட்சிக்குத் துப்பறியும் தொடர்கள் எடுத்தார். பிறகு அதுவும் இல்லை. மனைவி நடத்திய தையல் கடையின் பின்னறையில் உட்கார்ந்து யாரும் எடுக்காத படங்களுக்குக் கதை எழுதினார்.

அன்ரன் இதைச் சொல்லும்போது தன் சொந்தத் தமையனுக்கு நடந்ததுபோலக் கொதிப்பார். “இந்த மனிசன் ஒரு படத்திலயும் பொய் சொல்லேல்லை, றீற்றா. அதுதான் அவையளுக்குப் பிடிக்கேல்லை.”

தாய் கேட்ட கேள்வி

என் தம்பி ஜெராட் பள்ளிக்கூடப் பையோடு ஒருநாள் வீட்டை விட்டுப் போனவன். இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று பிறகு தெரிந்தது. நான் லண்டனுக்கு வந்த பிறகும் அம்மா ஊருக்கு வருகிறவர், போகிறவர் எல்லோரிடமும் அவனைப் பற்றிக் கேட்டுக்கொண்டேயிருந்தார். ஒரு மார்கழியில், வன்னியிலிருந்து வந்த ஒருவர் ஊரில் எங்கள் பங்குச் சாமியாரிடம், அவனை இனி எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று சொன்னார். எங்கே, எப்படி என்பது அவருக்கும் தெரியவில்லை.

அதற்குச் சில வாரங்கள் கழித்து அன்ரன் என்னை வெளியே கூட்டிப்போக நினைத்தார். வீட்டுக்குள்ளேயே கிடந்தால் நான் உடைந்துவிடுவேன் என்று பயந்தார். மினாசேயின் இன்னொரு படம் ஓடியது. அவரும் அதற்குமுன் பார்த்ததில்லை.

அண்ணன் ஒருவன் அரண்மனையில் தலைவெட்டும் வேலை செய்கிறான். விடிவதற்குமுன் வெட்ட வேண்டும் என்று ஒருவனைக் கொண்டுவருகிறார்கள். அவன் தம்பி.

அன்ரனுக்கு விளங்கியபோது படம் பாதி ஓடியிருந்தது. “போவமே?” என்று என் காதில் கேட்டார். நான் மாட்டேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து சொன்னார்.

எல்லாம் முடிந்து அண்ணன் வீட்டுக்குப் போகிறான். தாய் வாசலில் நிற்கிறாள். தம்பி கடைசியாக என்ன சொன்னான் என்று கேட்கிறாள். அண்ணன் நீண்ட நேரம் பேசாமல் நிற்கிறான். பிறகு ஏதோ சொல்கிறான். அன்ரனும் கொஞ்சம் தாமதித்துத்தான் சொன்னார்.

“அம்மாவைப் பயப்பட வேண்டாம் எண்டு சொல்லச் சொன்னவன்.”

நான் அங்கேயே அழுதேன். அதுவரை எனக்கு அழுகை வந்திருக்கவில்லை. அடுத்த கிழமை அம்மாவோடு தொலைபேசியில் கதைக்கும்போது அந்தப் படத்தின் கதையைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. அந்த வரி வந்ததும் அம்மா, “திருப்பிச் சொல்லு,” என்றார். திருப்பிச் சொன்னேன். அம்மா உயிரோடிருந்த காலமெல்லாம் ஜெராட்டைப் பற்றிப் பேச்சு வந்தால், “பயப்பட வேண்டாம் எண்டவன்,” என்பார். படத்தில் வந்தவன் சொன்னதா, தன் பிள்ளை சொன்னதா என்பது கடைசியில் அவருக்குக் கலந்துபோய்விட்டது. நான் பிரித்துச் சொல்லவில்லை.

தேம்ஸ் கரைத் திரையரங்கில் அன்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது அதே படம். மினாசேயின் எல்லாப் படங்களையும் வாரம் ஒன்றாகக் காட்டினார்கள். மெலனிதான் கண்டுபிடித்து எங்களுக்கு இடம் பிடித்துத் தந்தாள்.

இப்போது எனக்கு ஆங்கிலம் வேகமாக வாசிக்க வரும். விமான நிலையத்துக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் இத்தனை வருடம் வேலைசெய்தவளுக்கு வராமல் இருக்குமா? ஒவ்வொரு வரியாக அன்ரனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். தாய் வாசலுக்கு வந்தாள். கேட்டாள். அண்ணன் பேசாமல் நின்றான். அடுத்த வரி எனக்கு மனப்பாடம், வாயைக்கூடத் திறந்துவிட்டேன்.

திரையில் அந்த வரி இல்லை. ‘ஒன்றும் சொல்லவில்லை. நடுங்கினான்’ என்று இருந்தது. அவ்வளவுதான். தாய் உள்ளே போகிறாள். படம் இருள்கிறது.

அன்ரன் காதைச் சாய்த்தபடி காத்திருந்தார். அவர் மெல்லத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் இருந்ததை இருந்தபடி சொன்னேன்.

“ஒண்டும் சொல்லேல்லையாம். நடுங்கினவனாம்.”

அவர் கண்களை மூடிக்கொண்டார்.

ஓம்

வீட்டுக்கு வந்து அரிசி கழுவத் தொடங்கினேன். தலைக்கு மேலே விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. அன்ரன் சமையலறைக் கதிரையில் இருந்தார். கையைத் துடைத்துவிட்டு அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

“அண்டைக்கு நீங்கள் சொன்னது படத்தில இல்லை. நீங்களாச் சொன்னதோ?”

“ஓம்,” என்றார்.

“எனக்காகவோ?”

“ஓம்.”

“இல்லாட்டி உங்களுக்கும் வாசிக்க ஏலாமல் போச்சோ?”

“ஓம்.”

எதைக் கேட்டாலும் அதே பதில்தான் வரும். அது எனக்குத் தெரிந்திருந்தும் கேட்டேன். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் அல்ல என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு அவர் மேல்தான் வந்தது. அம்மா அந்த வரியை நெஞ்சோடு வைத்திருந்து செத்துப்போனார். அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டிய ஒரே ஆள் என் முன்னால் உட்கார்ந்து உதட்டை அசைக்கிறார், ஒன்றும் வரவில்லை. அவருடைய இடது கை மேசையில் எதையோ தேடுவதுபோல ஊர்ந்தது. கண் நிறைந்திருந்தது. நான் போய்ச் சோற்றை இறக்கினேன்.

மெலனிக்கு இது பெரிய விசயமாகத் தெரியவில்லை. “அப்பா தானா இமாஜின் பண்ணிச் சொல்லியிருக்கிறார். சோ ஸ்வீட், அம்மா,” என்றாள். பிறகு, மற்றப் படங்களெல்லாம் இணையத்தில் இருக்கின்றன, வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகப் போட்டு அப்பா சொன்னது எது, உண்மையில் இருப்பது எது என்று பார்க்கலாம் என்றாள்.

வேண்டாம் என்றேன். உப்புக் கொட்டில் காவல்காரன் வேலைக்குப் போகுமுன் மனைவியிடம் ஒன்று சொல்வான். அன்ரன் அதைச் சொன்னபோது என் காதோரம் சூடானது. அது மினாசே எழுதியதா, அன்ரன் எழுதியதா என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

அந்தக் கிழமை முழுவதும் நான் தேடியது வேறொன்றை. மெலனியின் ஞானஸ்நானம், முதல் நன்மை வாங்கிய நாள், பிறந்தநாள்கள் என்று பழைய வீடியோக்களை எல்லாம் அவள் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறாள். அவற்றில் அன்ரனின் குரலைத் தேடினேன். ஒவ்வொன்றிலும் கமராவைப் பிடித்தவர் அவர்தான். அதனால் அவருடைய முகமும் இல்லை, பேச்சும் இல்லை. எங்காவது ஓர் இடத்தில் “இஞ்ச பாருங்கோ” என்று மட்டும் கேட்கும். நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறோம். நான் இளமையாக, வேண்டாவெறுப்பாகச் சிரிக்கிறேன். அந்த இரண்டு சொற்களைப் பலமுறை போட்டுக் கேட்டேன். இருட்டில் அவ்வளவு கதைத்த மனிதரின் ஒரு முழு வசனம்கூட எங்கள் வீட்டில் பதிவாகி இருக்கவில்லை.

கடைசிப் படம்

அடுத்த ஞாயிறு மினாசேயின் கடைசிப் படம். நான் போகும் எண்ணத்தில் இல்லை. பூசையால் வந்து உடுப்பு மாற்றப் போனேன். திரும்பி வந்தபோது அன்ரன் கோட்டின் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு கதவடியில் நின்றார். மற்றக் கையை நான் மாட்டிவிட்டேன்.

அந்தப் படத்தை அன்ரன் எத்தனையோ வருடங்களாகத் தேடியிருக்கிறார். லண்டனில் அது ஓடியதே இல்லை. மினாசேக்கு வயது போய், எல்லோரும் அவரை மறந்த பிறகு, பழைய ஒளிப்பதிவாளர் ஒருவர் வந்து, இன்னும் ஒன்று எடுப்போம் வா என்றாராம். தலைவெட்டுகிறவனாக நடித்த நடிகர் அப்போது கிழவர், அவரும் சேர்ந்தார். ஒரு கடற்கரைக் கிராமத்தில் வைத்து எடுத்தார்கள். படம் யப்பானில் முதல்முதல் ஓடியபோது மினாசே பின்வரிசையில் இருந்து பார்த்தார். அது வேறு ஊர்களுக்குப் போகுமுன் அவர் இறந்துவிட்டார்.

எங்கள் இரண்டு பேருக்கும் புதிய படம். யாரும் எனக்கு அதைச் சொல்லித் தந்ததில்லை.

ஒரு கிழட்டுச் சாமுராய். அவன் யாருக்காகச் சண்டை பிடித்தானோ அந்த எசமானின் குலம் அழிந்துவிட்டது. வாளை விற்றுவிட்டு ஊருக்கு நடக்கிறான். அவன் செத்துவிட்டான் என்று மனைவிக்கு எப்போதோ சொல்லிவிட்டார்கள். படம் முழுக்க நடைதான். பேச்சுக் குறைவு. வருகிற வரிகளை நான் அன்ரனின் காதில் சொன்னேன்.

சொல்லச் சொல்ல ஒன்று எனக்கு விளங்கியது. சொல்கிறவருக்குப் படம் தெரியாது. கண் எப்போதும் அடியில் வரும் எழுத்தில் இருக்கும். மிச்ச நேரம் பக்கத்திலிருப்பவருக்குக் கேட்டதா என்று முகத்தைப் பார்க்கும். கடலும் மழையும் எங்கேயோ மேலே ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பழைய திரையரங்கில் அன்ரன் மினாசேயின் படங்களை ஒழுங்காகப் பார்த்தேயிருக்க மாட்டார். எனக்குக் காட்டினார், அவ்வளவுதான்.

இன்னொன்றும் விளங்கியது. வரியை வாசிப்பதற்கும் சொல்வதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் மாற்றலாம். வழியில் ஒரு துறவி அந்தக் கிழவனிடம் ஒரு கொடிய உண்மையைச் சொல்கிறார். அதை நான் மாற்றிச் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

கடைசியில் கிழவன் வீட்டை அடைகிறான். பொழுதுபடுகிறது. மழை பிடித்துவிட்டது. உள்ளே ஒரு விளக்கு. அவன் கதவடியில் நிற்கிறான். நிற்கிறான். பிறகு மெல்லத் தட்டுகிறான். உள்ளிருந்து மனைவியின் குரல் கேட்கிறது. அடியில் ஒரு சின்ன வரி வந்தது.

நான் அன்ரனின் காதில் சொன்னேன். “ஆரது?”

திரையில் கிழவன் பதில் சொல்லவில்லை. மழைச் சத்தம் மட்டும்.

“நான்தான்,” என்றார் அன்ரன்.

முணுமுணுப்பாக அல்ல, முழுக் குரலில். இரவு ஷிப்ட் முடிந்து வந்து, நித்திரையில் கிடந்த என்னைப் பயப்படுத்தாமல், கதவுக்கு வெளியே நின்று சொல்வாரே, அதே குரல். முன்னால் இருந்த தலைகள் திரும்பின. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். என்னைவிட அவர் திகைத்துப் போயிருந்தார். வாய் மூடவில்லை. பின்னால் இன்னும் சொற்கள் வரும் என்று இருவரும் காத்திருந்தோம்.

வரவில்லை. நான் மறுபடி அவர் காதோடு வாயை வைத்து, “ஆரது?” என்று கேட்டேன். உதடுகள் அசைந்தன. இன்னொரு முறை கேட்டேன். அவர் என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

வெளியே எங்களைக் கூட்டிப்போக வந்து, வாசலில் படத்தின் தாளை வாசித்திருந்த மெலனி, படம் எப்படி, அந்த மனுசி கதவைத் திறந்தாவா என்று கேட்டாள். தெரியாது என்றேன். அது உண்மை. அந்த நேரத்தில் நான் திரையைப் பார்க்கவில்லை.